பாட்டிலில் எதுவும் வளரவில்லை

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா பாண்டிக்குப் பஸ்ஸில் போனவங்களுக்கு மரக்காணம் தெரியும். ரோட்டு ஓரத்துல பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளைக் குவியல், வெயிலில் கூசும் கண்ணு. கோடையில் நல்லா சுண்டின உப்பு நீர் சில சமயம் இளஞ்சிவப்பா மாறும். யாரோ சாயக் கழிவைக் கலந்துட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். அது உயிர். கடல் தண்ணியில் உப்பு 3.5 சதவீதம்தான். அது 25 சதவீதத்தைத் தாண்டும்போது மற்ற எல்லாம் செத்துப்போக, அந்த உப்பிலேயே சொகுசா வாழுற நுண்ணுயிர்கள் இருக்கு. சிவப்பு நிறமி அவங்களோடது.

இப்போ அந்தத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்து, மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கிற சாதாரண ஊட்டக் கரைசலில் விட்டு அஞ்சு நாள் வச்சுப் பாருங்க. ஒண்ணும் வளராது. உப்பு குறைஞ்ச இடத்தில் அந்தச் செல்கள் வெடிச்சே போயிடும். ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை"ன்னு வரும். பாத்தியோ சிவப்பா இருக்கும்!

இதே "வளர்ச்சி இல்லை" ரிப்போர்ட் ஒரு மனுஷனோட இதயத்தைப் பத்தி வந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் இந்தக் கட்டுரை. பயோமெடிக்கல் பசங்களுக்கு மட்டும் இல்லை. காய்ச்சல் வந்ததும் மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணா, ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க"ன்னு கேட்கிற எல்லாருக்கும்தான். ஹாஸ்டல்ல அப்படிக் கேட்காதவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.

மரக்காணத்தில் உப்பு வாருற ஒரு அக்காவை மனசுல வச்சுக்குவோம். நிஜ ஆள் இல்லை. ஆனா அவங்களுக்கு நடக்கிறதெல்லாம் நிஜத்துல நடக்கிறதுதான். சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலி, அப்புறம் மூட்டு மூட்டா வீக்கம். அது ருமாட்டிக் காய்ச்சல்னு யாரும் சொல்லலை. தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்த்து உடம்பு தயாரிச்ச ஆயுதம், இதயத்தோட மைட்ரல் வால்வையும் எதிரின்னு நினைச்சுத் தாக்கியிருக்கு. வால்வு தடிச்சுச் சுருங்கி, சரியா மூடாம, கொஞ்சம் கசியுது. அக்காவுக்கு இது தெரியாது. வயசு 35. உப்புத் தண்ணியில் நின்னு நின்னு பாதமெல்லாம் வெடிப்பு. ஒரு நாள் சாயங்காலம் காய்ச்சல் ஆரம்பிக்குது.

கசியுற வால்வுல கிருமி எங்கே போய் உட்காரும்? இதுக்கு நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரே பதில் சொல்லும். 1963-ல் சைமன் ராட்பார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர், உள்பக்கம் அகர் பூசின ஒரு குழாயில் ஒரு இடத்தை மட்டும் குறுக்கி, பாக்டீரியா கலந்த காற்றை வேகமா செலுத்தினார். கிருமி குழாய் முழுக்கச் சமமா படியலை. குறுகின இடத்தைத் தாண்டினதும், அழுத்தம் குறையுற பகுதியில் வளையமா படிஞ்சுது. இதயத்திலும் அதே கதைதான். கீழறை சுருங்கும்போது அங்கே அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம். மேலறையில் பத்து, பன்னிரண்டு. இவ்வளவு வித்தியாசத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியா ரத்தம் பீய்ச்சினா, மேலறைப் பக்கம் வால்வின் தோல் உரியும். உரிஞ்ச இடத்தில் பிளேட்லெட்டும் ஃபைப்ரினும் சேர்ந்து ஒரு சின்னப் பொருக்கு. பாத வெடிப்பு வழியாவோ, சொத்தைப் பல் வழியாவோ ரத்தத்துக்குள்ள வந்த கிருமி அதுல ஒட்டிக்கும். அது மேல இன்னும் ஃபைப்ரின், இன்னும் கிருமி. இந்தக் கட்டிக்குப் பேர் வெஜிடேஷன், நோய்க்குப் பேர் எண்டோகார்டைட்டிஸ்.

இதோட கெட்ட குணம் என்னன்னா, இந்தக் கட்டிக்குள்ள ரத்தக் குழாய் கிடையாது. வெள்ளை அணுக்கள் உள்ளே போக வழி இல்லை. மருந்து வெளியிலிருந்து ஊறித்தான் போகணும். ஒரு கிராம் கட்டியில் நூறு கோடி கிருமிக்கு மேல் இருக்கலாம். உள்ளே ஆழத்தில் இருக்கிறது பாதி தூக்கத்தில், பெருகாம இருக்கும். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் பெருகுற கிருமியைத்தான் நல்லா கொல்லும். அதனாலதான் இந்த நோய்க்கு நாலிலிருந்து ஆறு வாரம் நரம்பு வழியா ஊசி. மாத்திரை அஞ்சு நாள் இல்லை.

அக்கா கதைக்கு வருவோம். முதல் வாரம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. காய்ச்சல் விட்டுது. நாலு நாள் கழிச்சுத் திரும்ப வந்துது. அப்புறம் ஒரு ஊசி, வேற மாத்திரை. மறுபடி விட்டுது, மறுபடி வந்துது. மூணாவது வாரம் படுத்தா மூச்சு முட்டுது. கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எக்கோ எடுத்தா வால்வுல 12 மில்லிமீட்டர் கட்டி, ஊசலாடிக்கிட்டு இருக்கு. ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பறாங்க. அஞ்சு நாள் கழிச்சு ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை.

ஏன் வளரலை? இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். எண்டோகார்டைட்டிஸில் ரத்தத்தில் கிருமி தொடர்ந்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா ரொம்பக் கொஞ்சமா. பல சமயம் ஒரு மில்லிக்கு நூறுகூட இருக்காது. அக்கா சாப்பிட்ட மாத்திரையால அது இன்னும் குறைஞ்சு, பத்து மில்லிக்கு ஒண்ணு ஆகிடுச்சுன்னு வச்சுக்கோங்க. பத்து மில்லி ரத்தம் மட்டும் எடுத்தா, பாய்சான் பரவல்படி, ஒரு கிருமிகூட பாட்டிலுக்குள் வராம போக 37 சதவீத வாய்ப்பு. மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற இடத்தில் குத்தி, ரெண்டு ரெண்டு பாட்டிலா மொத்தம் 60 மில்லி எடுத்தா? தவறவிடும் வாய்ப்பு 0.25 சதவீதம். "எதுக்கு இவ்வளவு ரத்தம் உறிஞ்சறாங்க"ன்னு வார்டில் சண்டை போடுற சொந்தக்காரங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. ஆனா இது ஆன்டிபயாட்டிக் தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்தாதான் முழுசா பொருந்தும். உள்ளே வந்த கிருமி மருந்தால் அடிபட்டு இருந்தா, பாட்டிலுக்குள் வந்தும் வளராது. முன்னாடியே மருந்து சாப்பிட்டவங்களிடம் கல்ச்சரில் கிருமி சிக்கும் விகிதம் 35 முதல் 40 சதவீதம் வரை குறையும்னு மருத்துவப் பாடநூல்கள் சொல்லுது.

கொடுமை என்னன்னா, மாத்திரை ரத்தத்தைத்தான் சுத்தம் பண்ணியிருக்கு. கட்டியோட மேல்தோலைக் கொன்னிருக்கு. உள்ளே இருக்கிறவன் அப்படியே இருக்கான். அதாவது நோயைக் குணப்படுத்த அந்த மாத்திரை போதலை, ஆனா நோயாளியோட சாட்சியை அழிக்கப் போதுமா இருந்துது.

இரண்டாவது வகைதான் நம்ம உப்புப் பாத்தி வகை. கிருமி இருக்கு, உயிரோடவும் இருக்கு, ஆனா நம்ம பாட்டிலில் வளராது. காக்ஸியெல்லா பர்னெட்டி அப்படி ஒண்ணு. அது செல்லுக்கு உள்ளே மட்டும்தான் வாழும், கரைசலில் பெருகாது. ஆடு, மாடு குட்டி போடும்போது வர்ற நீரிலும் நஞ்சிலும் இருந்து காற்றில் கலந்து மனுஷனுக்கு வரும். இன்னொண்ணு பார்ட்டனெல்லா. அதில் ஒரு இனம் உடல் பேன் வழியா, இன்னொண்ணு பூனை வழியா. ரொம்ப மெதுவா வளர்ற ரகம். "இதெல்லாம் வெளிநாட்டு வியாதி, நம்ம ஊர்ல ஏது"ன்னு ரொம்ப நாள் ஒரு நினைப்பு இருந்துது. 2008-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர்கள், பிரான்ஸின் மார்சேய் நகர ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. இந்திய எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளிடம் பார்ட்டனெல்லா குவின்டானாவும் காக்ஸியெல்லா பர்னெட்டியும் இருக்குன்னு அதில் காட்டினாங்க. தேடினாதான் கிடைக்கும், தேடாத வரைக்கும் அது "வளர்ச்சி இல்லை"தான்.

பிரான்ஸில் அதே மார்சேய் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிசு. கல்ச்சரில் எதுவும் வளராத 759 நோயாளிகள். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடி, வால்வுத் திசுவில் டி.என்.ஏ. தேடி, 62.7 சதவீதம் பேரிடம் கிருமிக்குப் பேர் கண்டுபிடிச்சாங்க. 2.5 சதவீதம் பேருக்கு அது தொற்றே இல்லை. லூபஸ், புற்றுநோய் மாதிரி வேற நோயால் வால்வில் வந்த கட்டி. இது மூணாவது வகை, இதுக்கு ஆன்டிபயாட்டிக் எவ்வளவு ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, பேர் தெரியலைன்னா என்ன குறைஞ்சுபோச்சு? எல்லாத்தையும் கொல்ற மாதிரி மருந்து குடுத்துடலாமேன்னு கேட்கலாம். அப்படித்தான் குடுக்கறாங்க, வேற வழி இல்லாததால. ஆனா எல்லாத்தையும் கொல்ற மருந்துன்னு ஒண்ணு கிடையாது. அகல வலை வீசணும்னா ரெண்டு மூணு மருந்து சேர்க்கணும். அதில் ஜென்டாமைசின் மாதிரி சிலது கிட்னியைப் பதம் பார்க்கும். அப்படி வீசின வலையிலும் காக்ஸியெல்லா சிக்காது. அதுக்கு டாக்சிசைக்ளினும் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் சேர்த்து 18 மாசமாவது சாப்பிடணும். ஆறு வாரம் வேற எதையோ ஏத்திட்டு வீட்டுக்கு அனுப்பினா, நோய் அப்படியே கூடவே வீட்டுக்குப் போகும்.

இதோட விலையை யாராவது அளந்திருக்காங்களா? அளந்திருக்காங்க. ஐரோப்பிய இதயவியல் கழகத்தோட யூரோ-எண்டோ பதிவேடு 3,000-க்கு மேற்பட்ட எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. பல நாட்டு மருத்துவமனைகள் அதில் கலந்துக்கிட்டது. மொத்தத்தில் மருத்துவமனையிலேயே இறந்தவங்க 17 சதவீதம். ஆறு பேரில் ஒருத்தர். 2022-ல் அதே பதிவேட்டிலிருந்து கல்ச்சர் நெகட்டிவ் ஆட்களைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 523 பேர், 16.8 சதவீதம். (இந்திய ஆய்வுகள் பலதில் இந்த விகிதம் மூன்றில் ஒண்ணு, சிலதில் பாதிக்கு மேல். காரணம் நமக்குத் தெரிஞ்ச அதே மெடிக்கல் ஷாப்தான், பெரும்பகுதி.) கிருமி பேர் தெரியாதவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள் இறக்கும் அபாயம், தெரிஞ்சவங்களைவிட சுமார் 1.28 மடங்கு.

இந்த எண்ணை அப்படியே விட்டா பாதி உண்மைதான். மருந்து மட்டும் வாங்கினவங்களை எடுத்துக்கிட்டா, பேர் தெரியாத கூட்டத்தில் சாவு தெளிவா அதிகம். ஆனா அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்களை எடுத்துக்கிட்டா, பேர் தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் ஒரு வருஷ முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை! கத்திக்குக் கிருமியோட பேர் தேவைப்படலை. கட்டியை வெட்டி வெளியே எடுத்துட்டா, அதுக்குள்ள ஒளிஞ்சிருந்தவன் யாரா இருந்தா என்ன? மருந்துதான் பேர் கேட்கும். என் பார்வையில் இந்தத் தலைப்பில் தெரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

ஆனா நாம இன்ஜினியரிங் பசங்க, டேட்டாவைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரணும். ஆபரேஷனுக்கு யாரைத் தேர்ந்தெடுத்தாங்க? ரொம்ப மோசமா இருந்தவரை மேஜையில் ஏத்த சர்ஜன் தயங்கியிருப்பார். ஆபரேஷன் தேதி வரைக்கும் உயிரோட இருந்தவர்தான் "ஆபரேஷன் ஆனவர்" பட்டியலுக்கே வருவார். முன்னாடியே இறந்தவர் "மருந்து மட்டும்" பட்டியலுக்குப் போயிடுவார். பந்தயத்தில் ஒருத்தருக்குக் கொஞ்சம் முன்னாடி கோடு போட்ட மாதிரி. பதிவேடு குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு இல்லை. அதனால கத்தியோட பலனை அந்த எண் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்.

குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. கொரியாவில், 2012-ல் வெளியானது. வால்வு கடுமையா கெட்டு, பெரிய கட்டியும் இருந்த 76 பேர். ஒரு பாதிக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு வழக்கமான முறை. ஆறு வாரத்துக்குள் மருத்துவமனைச் சாவு அல்லது கட்டி உடைஞ்சு மூளைக்கோ வேற உறுப்புக்கோ போய் அடைக்கிறது, இந்த ரெண்டையும் சேர்த்து எண்ணினாங்க. சீக்கிரம் ஆபரேஷன் ஆன 37 பேரில் ஒருத்தர், மத்த 39 பேரில் ஒன்பது பேர். ஆனா ஆறு மாச முடிவில் சாவு எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. லாபம் முக்கியமா பக்கவாதம் மாதிரியான அடைப்பைத் தடுத்ததில்தான். 76 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை, அதையும் மறக்க வேண்டாம்.

ஆக, கல்ச்சர் நெகட்டிவ்ங்கிறது மட்டுமே நெஞ்சைத் திறக்கக் காரணம் ஆகாது. வால்வு கிழிஞ்சு இதயம் திணறுதா, சீழ் வால்வைத் தாண்டிப் பரவுதா, மருந்து கொடுத்தும் காய்ச்சல் அடங்கலையா, 10 மில்லிமீட்டருக்கு மேல் கட்டி இருந்து ஏற்கெனவே எங்கேயாவது உடைஞ்சு போயிருக்கா, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பாங்க. வயசு, கிட்னி, ஏற்கெனவே செயற்கை வால்வு இருக்கா என்பதும் கணக்கில் வரும். பேர் தெரியாதப்போ, "மருந்து வேலை செய்யுதா"ன்னு காத்திருக்கிற நம்பிக்கை குறையுது. அதுதான் தராசைக் கத்திப் பக்கம் சாய்க்கும்.

நம்ம அக்காவுக்கு மூச்சு முட்டல் இருக்கு, கட்டியும் பெரிசு. ஆபரேஷன்தான்னு முடிவாகுது. மார்பு எலும்பை நடுவில் திறந்து, இதயத்தை நிறுத்தி, அந்த வேலையை மெஷினுக்கு மாத்தி, கெட்ட வால்வை வெட்டி எடுக்கறாங்க. தட்டில் வந்து விழுற அந்தத் துண்டு குப்பை இல்லை, ரொம்ப நாளா தேடின சாட்சியே அதுதான். முழுசையும் ஃபார்மலினில் போட்டா நோய்க்கூறு டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், ஆனா கிருமி எதுவும் அதில் வளராது, டி.என்.ஏ.யும் சிதையும். அதனால ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, இன்னொண்ணு சுத்தமான சலைனில் மைக்ரோபயாலஜிக்கு. அங்கே 16எஸ்-ன்னு ஒரு ஜீனைப் படிப்பாங்க. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிற சுமார் 1,500 எழுத்து நீள ஜீன் அது. சில பகுதி எல்லாருக்கும் ஒண்ணு, சில பகுதி இனத்துக்கு இனம் வேற, பார்கோட் மாதிரி. கிருமி செத்திருந்தாலும் பார்கோட் இருக்கும். மாத்திரை அழிச்ச சாட்சியை இப்படித் திரும்ப எடுக்கலாம். செத்த கிருமியோட டி.என்.ஏ.யும் மாசக்கணக்கில் தங்கும்ங்கிறதால, பி.சி.ஆர். பாசிட்டிவ்னா நோய் இன்னும் இருக்குன்னு அர்த்தம் இல்லை. 2023-ல் திருத்தப்பட்ட டியூக் விதிகள் (இந்த நோயை உறுதிப்படுத்த உலகம் முழுக்க டாக்டர்கள் பார்க்கிற பட்டியல்) இந்த டி.என்.ஏ. முடிவையும், சர்ஜன் கண்ணால் பார்த்ததையும் முக்கியச் சான்றா ஏத்துக்கிச்சு.

எடுத்த இடத்தில் என்ன வைக்கிறது? நம்ம பக்கத்து மாநிலத்தில் செஞ்ச ஒரு இன்ஜினியரிங் வேலை இங்கே வருது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு. முதல் மாடல்கள் தோத்துப்போச்சு, நீலக்கல்லில் தட்டு செஞ்சு பார்த்ததும் சரிவரலை. நாலாவது மாடல்தான் 1990-ல் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட் கலவை உலோகக் கூடு, அதுக்குள்ள சாய்ஞ்சு திறக்கிற பாலிஎத்திலீன் தட்டு. நிமிஷத்துக்கு 75 துடிப்புன்னா ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 4 கோடி தடவை திறந்து மூடணும். மெட்டீரியல் ஃபெட்டீக் பாடம் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு இது போதும்.

உலோக வால்வு வச்சா ரத்தம் அதில் உறையாம இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. குறைஞ்சா வால்வு அடைச்சுக்கும், கூடினா ரத்தம் கசியும். ஐ.என்.ஆர்.ங்கிற ரத்தப் பரிசோதனையில் அளவு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒரு வாரம் தினம் கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லைன்னா அளவு ஆடும். இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைக் கேட்காம கொள்ளாம வாங்கிச் சாப்பிட்டாலும் ஆடும். குழந்தை பெறும் வயசுன்னா டாக்டரிடம் தனியா பேச வேண்டிய விஷயம், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். திசு வால்வு வச்சா இந்தத் தொல்லை குறைவு, ஆனா இளவயசுக்காரங்களிடம் அது சீக்கிரம் தேயும், இன்னொரு ஆபரேஷன் வரும்.

அக்கா பிழைச்சு ஊருக்கு வர்றாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா ஆபரேஷன் செலவுக்குக் கை கொடுக்கும். அதுக்கு அப்புறம் வர்ற செலவுதான் கணக்கில் வராது. ஐ.என்.ஆர். பார்க்கப் பஸ் ஏறுற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு. பாத வெடிப்பில் ஒவ்வொரு கீறலும் இப்போ ரெண்டு விதத்தில் ஆபத்து: ரத்தம் நிக்காது, கிருமி உள்ளே போகும். செயற்கை வால்வில் வர்ற தொற்று முதல் தடவையைவிட மோசம். பல்லைப் பிடுங்கப் போனா முன்கூட்டியே டாக்டரிடம் வால்வு கதையைச் சொல்லணும். காய்ச்சல் வந்தா எந்த மாத்திரைக்கும் முன்னாடி ரத்தக் கல்ச்சர், மூணு தடவை. வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் ஷீட்டில் இதை எழுதித்தான் தருவாங்க, பெரும்பாலும் இங்கிலீஷில்.

உப்பு சீசன் ஆரம்பிச்சா பாத்தியில் இறங்கலாமான்னு அக்கா கேட்பாங்க. அந்த ஷீட்டைப் படிச்சுச் சொல்ல வீட்டில் காலேஜ் போற பையனோ பொண்ணோ இருந்தா, பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்.